வரும் பத்தாண்டுக்குப் பெயர் வைப்பது யார்?

2030 நெருங்கி வருகிறது. உலக நாடுகள் தங்கள் நீடித்த வளர்ச்சி இலக்குகளுக்கு அந்த ஆண்டைத்தான் கெடுவாக வைத்திருக்கின்றன. மாநிலப் பொருளாதாரத்தை ஒரு லட்சம் கோடி டாலராக உயர்த்துவதற்குத் தமிழ்நாடு அரசு குறித்திருப்பதும் அதே ஆண்டுதான். கெடு முடிந்ததும் இன்னொரு பத்தாண்டு தொடங்கிவிடும். அதற்கு என்ன பெயர் வைப்பது, யார் வைப்பது என்ற கேள்வியைக் காஞ்சிபுரம் மாவட்டத்து உத்திரமேரூரில் நின்று ஆராய்வதே இந்தக் கட்டுரையின் நோக்கம்.

காலத்துக்குப் பெயரிடுவது, பொறுப்பைப் பகிர்வது, கணக்குக் கேட்பது என்ற மூன்றும் ஒரே சுவரில் வெட்டப்பட்டிருக்கும் ஊர் இது. வைகுண்டப் பெருமாள் கோயிலின் அடித்தளக் கற்களில் உள்ள, சோழ மன்னன் முதலாம் பராந்தகன் காலக் கல்வெட்டுகள் இரண்டும் ஊராட்சி முறைக்குச் சான்றாக உலகம் முழுவதும் எடுத்துக்காட்டப்படுகின்றன. கல்வெட்டறிஞர் வெங்கையா 1904–05ஆம் ஆண்டின் தொல்லியல் அறிக்கையில் அவற்றை விரிவாக எழுதிய நாளிலிருந்து எல்லோரும் பேசுவது, குடத்தில் ஓலை போட்டு ஆள் எடுக்கும் குடவோலையைப் பற்றியே. அதே கற்கள் காலத்தைப் பற்றியும் நிறையச் சொல்கின்றன. அந்தப் பக்கத்தை நாம் இன்னும் சரியாகப் படிக்கவில்லை.

எந்தப் பத்து ஆண்டுகள்?

முதலில் எல்லையை வரையறுத்துக்கொள்ள வேண்டும். தமிழர் மரபில் பத்தாண்டு ஒரு காலஅளவாக இருந்ததில்லை. ஆண்டுகள் அறுபதாகச் சுழலும். கும்பகோணம் மகாமகம் பன்னிரண்டு ஆண்டுக்கு ஒரு முறை வரும். காஞ்சிபுரத்து அத்திவரதர் நாற்பது ஆண்டுக்கு ஒரு முறை அனந்தசரஸ் குளத்திலிருந்து எழுந்தருள்வார். 1939, 1979, 2019 என்று மூன்று முறை அவரைச் சேவித்தவர்கள் நம் மாவட்டத்தில் இருந்தார்கள். அடுத்தது 2059. வயல் வேலை பார்ப்பவர்களுக்கோ காலம் என்பது போகம்தான். சொர்ணவாரி, சம்பா, நவரை என்ற மூன்று பட்டங்களைச் சொன்னால் போதும், பழைய செங்கல்பட்டுச் சீமையில் எந்த நிகழ்ச்சியையும் நாள் குறித்துவிடலாம்.

இன்று ஒரே ஊரில் நான்கு நாட்காட்டிகள் ஓடுகின்றன. பள்ளிக்கூடத்துக்கு ஆங்கில ஆண்டு. கோயிலுக்கும் கல்யாணத்துக்கும் பிரபவ முதல் அட்சய வரையுள்ள அறுபது ஆண்டுகள். அரசாங்கத் தாள்களில் ஆங்கில ஆண்டோடு முப்பத்தொன்றைக் கூட்டி வரும் திருவள்ளுவர் ஆண்டு. அது 1971இல் அரசு நாட்குறிப்பிலும் 1972இல் அரசிதழிலும் இடம் பெற்றது. வட்டாட்சியர் அலுவலகத்தில் மட்டும் பசலி. முகலாயர் காலத்து அறுவடைக் கணக்கிலிருந்து வந்த அந்த ஆண்டு நம் பக்கம் ஜூலை முதல் தேதி தொடங்கி ஜூன் கடைசியில் முடிகிறது.

பத்தாண்டு 2030இல் தொடங்குகிறதா, 2031இலா என்று ஒரு பழைய வாதம் உண்டு. பூஜ்யம் என்று ஓர் ஆண்டு இல்லாததால் ஒன்றிலிருந்துதான் எண்ண வேண்டும் என்பார்கள் ஒரு சாரார். எழுதும்போது முப்பது என்று வருகிற ஆண்டிலேயே தொடங்கட்டும் என்பார்கள் மறு சாரார். இந்த வழக்கைப் பசலி எளிதாகத் தீர்த்துவைக்கிறது. தொடங்கும் ஆங்கில ஆண்டிலிருந்து 590ஐக் கழித்தால் பசலி கிடைக்கும். அப்படிப் பார்த்தால் 2030 ஜூலை முதல் தேதி பசலி 1440 பிறக்கிறது. 2040 ஜூன் கடைசியில் பசலி 1449 முடிகிறது. கிராமத்துக்கு வேண்டிய பத்தாண்டு இதுவே என்பது என் கருத்து. நிலமும் நீரும் பயிரும் அடங்கல் பதிவேட்டில் ஏறுவது இந்த ஆண்டுக் கணக்கில்தான். ஜமாபந்தியில் ஊர்க் கணக்குகளைத் தணிக்கை செய்வதும் இதே கணக்கில்தான்.

அரசன் பெயரில் ஓடிய ஆண்டுகள்

உத்திரமேரூர்க் கல்வெட்டுகளில் ஆண்டு எப்படிக் குறிக்கப்படுகிறது? மதுரையை வென்ற பரகேசரியின், அதாவது பராந்தகனின், பன்னிரண்டாம் ஆட்சியாண்டு என்று ஒன்று தொடங்குகிறது. பதினான்காம் ஆட்சியாண்டு, பதினாறாம் நாள் என்று மற்றொன்று தொடங்குகிறது. நம் கணக்கில் அவை கி.பி. 919, 921. ஊர்ச் சபை தன் வாரியங்களைத் தேர்ந்தெடுக்கும் விதியை எழுதுகிறது. காலக் குறிப்பிலோ எங்கோ தெற்கில் நடந்த ஒரு படையெடுப்பு உட்கார்ந்திருக்கிறது. அரசனுடைய பட்டப்பெயரே ஆண்டின் பட்டப்பெயராகவும் ஆகிவிட்டது.

அந்தப் பெயரும் நிலைக்கவில்லை. 949இல் தக்கோலத்தில் சோழப் படை தோற்ற பிறகு தொண்டை மண்டலத்தில் இராட்டிரகூட மன்னன் மூன்றாம் கிருஷ்ணன் பெயரில் ஆண்டுகள் எண்ணப்பட்டன. கச்சியையும் தஞ்சையையும் கொண்டவன் என்பது அவனுடைய பட்டம். ஒரு தலைமுறைக்குள் அதே வயல்களில் விளைந்த நெல், வென்றவன் ஆண்டிலிருந்து அவனை வென்றவன் ஆண்டுக்கு மாறியது. நாற்று நட்டவர்களை யாரும் கேட்கவில்லை.

அதே கற்களின் உள்ளடக்கம் வேறு வகையானது. ஊரின் முப்பது குடும்புகளிலிருந்தும், அதாவது பகுதிகளிலிருந்தும், குடவோலை வழியே ஆள் எடுக்க வேண்டும். சம்வத்சர வாரியத்துக்குப் பன்னிரண்டு பேர், தோட்ட வாரியத்துக்குப் பன்னிரண்டு பேர், ஏரி வாரியத்துக்கு ஆறு பேர். பொன் வாரியமும் பஞ்சவார வாரியமும் வேறு. பதவிக் காலம் 360 நாள். கணக்குக் காட்டாமல் போனவரும் அவருடைய நெருங்கிய உறவினரும் மறுபடி குடத்துக்குள் வர முடியாது. அண்மையில் பொறுப்பில் இருந்தவர் மூன்று ஆண்டு ஒதுங்கியிருக்க வேண்டும். கல்வெட்டின் தலைப்பில் காலம் அரசனுக்குச் சொந்தம்; உள்ளே போனால் அது ஏரியையும் தோட்டத்தையும் பார்த்துக்கொள்கிறவர்களின் பொறுப்புக் காலம்.

ஒன்றைக் கூடவே சொல்லிவிட வேண்டும். அந்தச் சபை, பிராமணருக்குத் தானமாக விடப்பட்ட பிரமதேய ஊரின் நிலமுள்ள ஆண்களுக்கு மட்டும் உரியது. கால்வேலிக்கு மேல் இறைநிலம், சொந்த மனையில் வீடு, வேதக் கல்வி, வயது வரம்பு என்று தகுதிகள் அடுக்கப்பட்டிருந்தன. பெண்களுக்கு இடமில்லை. உழுத கைகளுக்கும் இடமில்லை. பெயர் வைக்கும் உரிமையை இன்று பேசுகிற நாம் இந்தக் குறையை மறைத்துவிட்டு அந்தக் கற்களைக் கொண்டாடக் கூடாது.

ஊர் வைத்த பெயர்கள்

அரசாங்கம் எப்படி எழுதினாலும் மக்கள் தங்கள் காலத்துக்குத் தாங்களே பெயர் வைத்துக்கொண்டார்கள். அவற்றில் மிகவும் கனமானது தாது வருஷப் பஞ்சம். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய அந்தப் பஞ்சம் தாது ஆண்டில் தொடங்கியதால் அந்தப் பெயர் வந்தது. பஞ்ச நிவாரண வேலையாகச் சென்னையில் அடையாற்றையும் கூவத்தையும் இணைத்து ஒரு கால்வாய் வெட்டப்பட்டது. அதற்கு அரசாங்கம் அப்போதைய ஆளுநர் பக்கிங்காம் கோமகனின் பெயரை வைத்தது. மண் சுமந்தவர்கள் அந்தக் காலத்துக்குப் பஞ்சத்தின் பெயரை வைத்தார்கள். இரண்டும் இன்றுவரை நிற்கின்றன. ஒரே நிகழ்ச்சியைக் குறிக்கும் இந்த இரண்டு பெயர்களில் எது அந்தக் காலத்தின் உண்மையைச் சொல்கிறது என்பதில் சந்தேகமில்லை.

இந்த முறைக்கும் ஒரு தொல்லை உண்டு. அறுபது ஆண்டு கழிந்தால் அதே பெயர் திரும்பி வரும். தாது 1936இலும் வந்தது, 1996இலும் வந்தது. அதனால் மக்கள் ஆண்டின் பெயரோடு நின்றுவிடாமல் நிகழ்ச்சியையும் சேர்த்துச் சொன்னார்கள். கரண்ட் வந்த வருஷம், டவுன் பஸ் விட்ட வருஷம், அடிபம்பு போட்ட வருஷம், இலவச டிவி கொடுத்த சமயம், மிக்சி கிரைண்டர் கொடுத்த சமயம் என்று நம் கிராமங்களில் நாள் குறிக்கும் வழக்கம் இன்னும் உயிரோடு இருக்கிறது. வீட்டுக்குள் என்ன மாறியது என்பதே இந்தப் பெயர்களுக்கு அடிப்படை.

இலங்கைத் தமிழர்கள் நிகழ்ச்சியைக்கூடச் சொல்வதில்லை. ஐம்பத்தெட்டு, எழுபத்தேழு, எண்பத்து மூன்று என்று எண்ணைச் சொன்னாலே கேட்பவருக்கு அந்தந்த ஆண்டு இனக்கலவரத்தின் முழு வரலாறும் விளங்கிவிடும். துயரம் அவ்வளவு பொதுவாக இருந்தால் எண்ணே பெயராகிவிடுகிறது.

மகிழ்ச்சியான உதாரணமும் உண்டு. நைன்ட்டீஸ் கிட்ஸ் என்ற பெயரைத் தமிழ் இளைஞர்கள் தங்களுக்குத் தாங்களே சூட்டிக்கொண்டார்கள். தூர்தர்ஷன், ஒலிநாடா, தெருவிளையாட்டு, முதல் கைப்பேசி என்று ஒரு வயதினர் பகிர்ந்துகொண்ட பொருள்களைச் சுற்றி அந்தப் பெயர் உருவானது. எந்த அமைச்சகமும் அறிவிக்காமலேயே ஒரு பத்தாண்டு ஒரு தலைமுறையின் அடையாளமாக நின்றுவிட்டது.

2005இல் இயற்றப்பட்டு 2008 ஏப்ரலில் நாட்டின் எல்லா ஊரக மாவட்டங்களுக்கும் விரிந்த வேலை உறுதிச் சட்டம் இன்னொரு பாடம். தேசத் தலைவர் பெயரோடு நீண்டிருந்த அந்தச் சட்டப் பெயரைக் கிராமம் நூறு நாள் வேலை என்று சுருக்கியது. எத்தனை நாள் வேலை தர வேண்டும் என்ற வாக்குறுதியே பெயராகிவிட்டது. நாள் குறைந்தபோது அந்தப் பெயரே குறையைக் காட்டிக்கொடுத்தது. நான் அறிந்த அளவில் பெயரிடும் கலையில் நம் கிராமப் பெண்கள் செய்த மிகச் சிறந்த காரியம் இது.

முன்கூட்டியே வைத்த பெயர்கள்

வரப்போகும் காலத்துக்கு முன்னதாகவே பெயர் சூட்டுவது நமக்குப் புதிதல்ல. ஒவ்வொரு சித்திரை முதல் நாளும் கோயில்களில் பஞ்சாங்கம் வாசிக்கிறார்கள். இடைக்காடர் பெயரில் வழங்கும் அறுபது வெண்பாக்கள் ஒவ்வோர் ஆண்டுக்கும் மழை எப்படி, விளைச்சல் எப்படி என்று முன்பே சொல்லிவைத்திருக்கின்றன. 2034இல் ஆனந்த ஆண்டு பிறக்கும். அடுத்த ஆண்டே ராட்சச ஆண்டு. ஆனால் பெயரைக் கேட்டு யாரும் நாற்றங்கால் விடுவதை நிறுத்தியதில்லை. சொல்லிவைத்த பெயருக்கும் நடக்கிற காலத்துக்கும் இடையே எவ்வளவு தூரம் இருக்கும் என்பது உழவருக்குத் தெரியும்.

பத்தாண்டையே ஒரு திட்டமாக்கிப் பெயர் வைத்தது ஐக்கிய நாடுகள் அவை. அமெரிக்க அதிபர் கென்னடி 1961இல் முன்வைத்த யோசனையை ஏற்று அறுபதுகளை வளர்ச்சிப் பத்தாண்டு என்று அது அறிவித்தது. பிறகு இரண்டாம் வளர்ச்சிப் பத்தாண்டு, மூன்றாவது, நான்காவது என்று தொடர்ந்தது. எண் ஏறிக்கொண்டே போனது என்றால் வேலை முடியவில்லை என்றுதானே பொருள்? 1981 முதல் 1990 வரை குடிநீர் மற்றும் சுகாதாரப் பத்தாண்டு. எல்லோருக்கும் 1990க்குள் பாதுகாப்பான குடிநீர் என்ற குறி எட்டப்படவில்லை. 2005 முதல் 2015 வரை வாழ்வுக்கான நீர்ப் பத்தாண்டு வந்தது. 2018 மார்ச் 22 முதல் 2028 மார்ச் 22 வரை இன்னொரு நீர்ப் பத்தாண்டு நடக்கிறது. நம் ஊரில் இந்த அறிவிப்பை அறிந்தவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள்?

அந்தப் பத்தாண்டுகள் வீண் என்று சொல்வது நியாயமாகாது. எண்பதுகளில் இந்தியக் கிராமங்களெங்கும் பரவிய இந்தியா மார்க் 2 அடிபம்பு, கோயம்புத்தூர்ப் பக்கம் சோதிக்கப்பட்டு, யுனிசெஃப் ஆதரவோடு உருவாகி, உலகின் பல நாடுகளுக்கும் சென்றது. ஆனால் பம்பு வாசலுக்கு வந்ததே தவிர, பத்தாண்டின் பெயர் ஊருக்குள் வரவில்லை. நியூயார்க்கில் வைத்த பெயரில் நமக்கு உரிமையும் இல்லை, கேள்வி கேட்கும் வழியும் இல்லை. இந்திய அரசு 2010 முதல் 2020 வரையுள்ள ஆண்டுகளைப் புத்தாக்கப் பத்தாண்டு என்று அறிவித்தது. அந்தப் பெயரும் அலுவலகக் கோப்புகளைத் தாண்டவில்லை.

தலைவர்கள் பெயரை வைப்பதில் நம் மாநிலத்துக்கு நீண்ட அனுபவம் உண்டு. இந்தப் பழைய செங்கல்பட்டு மாவட்டம் எம்.ஜி.ஆர். பெயரைத் தாங்கியிருந்தது. காஞ்சிபுரத்தைத் தலைமையிடமாகக் கொண்ட அரசுப் போக்குவரத்துக் கழகமும் அவர் பெயரில்தான் ஓடியது. தென்மாவட்டங்களில் பெயர் வைப்பது சாதிச் சண்டையாக முற்றியபோது, 1997இல் அரசு மாவட்டங்களிலிருந்தும் போக்குவரத்துக் கழகங்களிலிருந்தும் தலைவர்களின் பெயர்களை எடுத்துவிட்டது. புத்தாண்டுக்கே இரண்டு சட்டம் பார்த்தோம். 2008இல் தை முதல் நாள் என்று ஒரு சட்டம் வந்தது. 2011இல் அது நீக்கப்பட்டுச் சித்திரைக்கே திரும்பியது. கட்சிக்கும் ஆளுக்கும் கட்டிவைத்த பெயர் அடுத்த தேர்தல் வரைதான் தாங்கும். பத்து ஆண்டுக்குக் குறைந்தது இரண்டு தேர்தல் உண்டு.

பின்னால் வந்த பெயர்கள்

காலம் முடிந்த பிறகு பெயர் வைப்பதே சரி என்பார் பலர். வரலாற்றாசிரியர்கள் பெரும்பாலும் அப்படித்தான் செய்கிறார்கள். அதிலும் கவனம் வேண்டும். இங்கிலாந்தில் 1840களைப் பசித்த நாற்பதுகள் என்கிறார்கள். அந்தப் பெயர் பரவியதோ 1904இல் அதே பெயரில் வந்த ஒரு நூலால். தானிய இறக்குமதிக்கு வரி போடுவதா வேண்டாமா என்று அப்போது நடந்துகொண்டிருந்த அரசியல் போரில், அறுபது ஆண்டுக்கு முந்திய பசியை ஒரு தரப்பு ஆயுதமாக எடுத்தது. பசி உண்மை. பெயர் வைத்த நேரமும் நோக்கமும் வேறு.

ஜப்பானில் பங்குச் சந்தையும் நில விலையும் சரிந்த பிறகு வந்த தொண்ணூறுகளை இழந்த பத்தாண்டு என்றார்கள். பிறகு இழந்த இருபது, இழந்த முப்பது என்று அது நீண்டது. லத்தீன் அமெரிக்காவில் 1982இல் வெடித்த கடன் நெருக்கடிக்குப் பின் எண்பதுகளுக்கும் அதே பெயர்தான் கிடைத்தது. இழப்பைச் சொல்லும் பெயர் ஒட்டிக்கொண்டால் லேசில் உதிர்வதில்லை.

தமிழ் வரலாற்றில் இதைவிடப் பெரிய அநீதி ஒன்று நடந்தது. களப்பிரர் ஆண்ட ஏறக்குறைய மூன்று நூற்றாண்டுகளை இருண்ட காலம் என்று பாடப்புத்தகங்கள் பல தலைமுறைக்குச் சொல்லித் தந்தன. சான்று குறைவாகக் கிடைத்தது ஆராய்ச்சியின் குறை. அது அந்தக் காலத்து மக்களின் குறையாக எழுதப்பட்டது. நீதி நூல்கள் பலவற்றை அந்தக் காலத்தை ஒட்டி வைக்கும் அறிஞர்கள் இருக்கும்போது, இருட்டு என்று சொல்லிவிட்டுப் போனது எவ்வளவு பெரிய தவறு! இறந்தவர்கள் எழுந்து வந்து மறுக்க முடியாது என்பதுதான் பின்னால் பெயர் வைப்பதன் ஆபத்து.

நல்ல உதாரணமாக மணிக்கொடி காலத்தைச் சொல்லலாம். 1933இல் தொடங்கிய ஓர் இதழ், முப்பதுகளின் தமிழ்ச் சிறுகதை முழுவதற்கும் பெயராயிற்று. அதில் எழுதியவர்கள் ஒரு வேலையைச் செய்தார்கள். அந்த வேலையே காலத்துக்குப் பெயரானது. வாழ்த்தாகவோ வசையாகவோ இல்லாமல் செய்த வேலையைச் சுட்டும் பெயருக்கு ஆயுள் அதிகம்.

2030களுக்கு முன் நிற்கும் பெயர்கள்

இவ்வளவையும் வைத்துக்கொண்டு, நம் வட்டாரத்தின் வரும் பத்தாண்டுக்குப் பொருந்தக்கூடிய பெயர்களைப் பார்ப்போம்.

முதலாவது செயற்கை நுண்ணறிவுப் பத்தாண்டு. உலகம் முழுவதும் பேசப்படுவது. அதன் தாக்கம் இங்கும் வரும், ஐயமில்லை. ஆனால் அதன் திசையை முடிவு செய்யும் இடம் உத்திரமேரூர் இல்லை. நம் கைக்கு எட்டாத ஒன்றின் பெயரை நம் காலத்துக்கு வைத்தால் நாம் வெறும் பார்வையாளர்கள் ஆகிவிடுவோம்.

இரண்டாவது தொழிற்சாலைப் பத்தாண்டு அல்லது விமான நிலையப் பத்தாண்டு. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் தொழிற்பேட்டைகள் நம் மாவட்டத்தின் முகத்தை ஏற்கெனவே மாற்றிவிட்டன. நம் பிள்ளைகள் பலர் கம்பெனிப் பேருந்தில் ஷிப்டுக்குப் போகிறார்கள். பரந்தூரில் புதிய விமான நிலையம் அமையும் என்று 2022 ஆகஸ்டில் அறிவிப்பு வந்தது. நிலத்தோடு நீர்நிலைகளும் போகும் என்பதால் அப்பகுதியின் ஏகனாபுரம் கிராம சபை அதை எதிர்த்துத் தொடர்ந்து தீர்மானம் போட்டது. மாவட்டத்தின் ஒரு பகுதிக்கு வாய்ப்பாகவும் இன்னொரு பகுதிக்கு இழப்பாகவும் தோன்றும் ஒன்றை எல்லோருக்கும் பொதுப்பெயராக்க முடியாது.

மூன்றாவது முதியோர் பத்தாண்டு. இதற்கு வலுவான காரணம் உண்டு. மத்திய அரசின் மக்கள்தொகைக் கணிப்புக் குழு, தமிழ்நாட்டில் அறுபது வயதைக் கடந்தவர்கள் 2021இல் 13.6 விழுக்காடு என்றும் 2031இல் 18.2 விழுக்காடு ஆவார்கள் என்றும் மதிப்பிட்டது. பெரிய மாநிலங்களில் கேரளத்துக்கு அடுத்த இடம் நமக்கு. பிள்ளைகள் சென்னையிலும் ஒரகடத்திலும் இருக்க, வீட்டில் ஆயாவும் தாத்தாவும் மட்டும் இருக்கும் தெருக்கள் பெருகும். இந்தப் பெயரை நான் எளிதில் தள்ளமாட்டேன். ஆனாலும் இது நமக்கு நேரப்போகிற நிலையைச் சொல்கிறது. நாம் செய்ய வேண்டிய வேலையைச் சொல்லவில்லை.

நான்காவது ஏரிப் பத்தாண்டு. செங்கல்பட்டுச் சீமைக்கு ஏரி மாவட்டம் என்றே பெயர். உத்திரமேரூரின் பழைய ஏரி கல்வெட்டுகளில் வயிரமேகத் தடாகம் என்று ஒரு பல்லவ அரசனின் பட்டப்பெயரைத் தாங்கி நிற்கிறது. அதைத் தூர் எடுக்கப் பொன் கொடுத்தவர்களின் செய்தியும் கல்லில் உண்டு. அரசன் பட்டம் மறந்துபோயிற்று, ஏரி இருக்கிறது. பாலாறும் செய்யாறும் ஆண்டின் பெரும்பகுதி மணலாகக் கிடக்கும் இந்தப் பகுதியில், ஏரியில் நிற்கும் தண்ணீர்தான் வயலுக்கும் கிணற்றுக்கும் ஆழ்துளைக் குழாய்க்கும் ஆதாரம். 2015 மழையில் மாவட்டம் வெள்ளத்தில் தத்தளித்தது. நான்கே ஆண்டில், 2019 கோடையில், சென்னைக்குத் தண்ணீர் லாரிகள் ஓடின. வெள்ளமும் வறட்சியும் ஒரே ஏரியின் இரண்டு கணக்குகள். வரத்துக் கால்வாய் தூர்ந்து, கலங்கல் உடைந்து, மதகு திறக்க வராமல் கிடந்தால் இரண்டும் வரும்.

2017 மார்ச்சில் குடிமராமத்துத் திட்டத்தை மாநில அரசு நம் மாவட்டத்து மணிமங்கலம் ஏரியில்தான் தொடங்கிவைத்தது. பணம் ஒதுக்குவது அரசால் முடியும். வெட்டிய வாய்க்கால் அடுத்த மழைக்கும் திறந்திருக்கிறதா என்று பார்ப்பது ஊரால்தான் முடியும். இந்த இரண்டாவது வேலைக்கு ஒரு பத்தாண்டு வேண்டும்.

தேர்வதற்கு நான்கு அளவுகோல்கள்

இதுவரை பார்த்தவற்றிலிருந்து நான்கு அளவுகோல்கள் கிடைக்கின்றன. ஒன்று, அந்தக் காலத்தை வாழ்ந்து தீர்க்க வேண்டியவர்களே பெயர் வைக்க வேண்டும். இரண்டு, பெயர் ஒரு வேலையைச் சுட்ட வேண்டும். பெருமையையோ விதியையோ சுட்டுவது போதாது. மூன்று, அந்த வேலை நடந்ததா இல்லையா என்று படிக்காத ஒருவரும் நேரில் பார்த்துச் சொல்ல முடிய வேண்டும். நான்கு, சாதி, கட்சி, ஆண் பெண் வேறுபாடில்லாமல் எல்லோருடைய வாழ்வையும் அது தொட வேண்டும்.

நான்காவது அளவுகோலை ஏரி முழுதாக நிறைவு செய்கிறதா என்று கேட்கலாம். ஆயக்கட்டில் நிலம் உள்ளவர்களுக்குத்தானே ஏரி? பழைய காலத்தில் பெரும்பாலும் அப்படித்தான் இருந்தது. மதகடி நிலம் யாரிடம் இருந்தது, கடைமடை யாரிடம் இருந்தது என்பதில் ஊரின் சாதி வரலாறு முழுவதும் அடங்கும். இன்று நிலை மாறியிருக்கிறது. ஏரி வற்றினால் நிலமற்றவர் தெருக் குழாயும் வற்றுகிறது. நூறு நாள் வேலையில் ஏரி வெட்டியவர்களில் பெரும்பாலோர் நிலமில்லாத பெண்கள். மாடு மேய்ப்பவருக்கும் மீன் பிடிப்பவருக்கும் ஏரியில் பங்கு உண்டு. இவர்கள் எல்லோரையும் சேர்த்துக்கொண்டு கணக்கு எழுதினால்தான் ஏரிப் பத்தாண்டு என்ற பெயர் நியாயமாகும். நிலமுள்ளவர்களுக்கு மட்டும் எழுதினால் அது பத்தாம் நூற்றாண்டுச் சபையின் குறையை மறுபடியும் செய்வதாகும்.

தேர்வு முறையையும் யோசிக்க வேண்டும். உத்திரமேரூர் என்றதும் குடத்தில் ஓலை போட்டு எடுக்கலாம் என்று யாராவது சொல்வார்கள். தகுதி சமமாக உள்ள ஆட்களில் ஒருவரைப் பாரபட்சமில்லாமல் எடுக்கக் குடவோலை அருமையான முறை. ஒரு பொதுநோக்கத்தைத் தேர்வதற்கு அது உதவாது. நோக்கத்தைப் பேசித்தான் முடிவு செய்ய வேண்டும். அதற்கு நம்மிடம் கிராம சபை இருக்கிறது. தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு நாள் அது கூடுகிறது. அவற்றுள் ஒன்று மார்ச் 22, உலகத் தண்ணீர் நாள். வயது வந்த எவரும் வரலாம், எவரும் பேசலாம். உள்ளாட்சிப் பதவிகளில் பாதி பெண்களுக்கு என்று 2016இல் சட்டமும் வந்தது. உத்திரமேரூர் பேரூராட்சி என்பதால் அங்கே கிராம சபை கிடையாது. ஆனால் சுற்றியுள்ள ஊராட்சிகள் அனைத்திலும் உண்டு.

பெயரை ஒருமுறை வைத்துவிட்டுப் பத்து ஆண்டு சும்மா இருக்கவும் கூடாது. இதிலும் பழைய சபை வழிகாட்டுகிறது. 919இல் எழுதிய விதியை 921இல் அதே சபை திருத்தி எழுதியது. வயது வரம்பு முப்பது முதல் அறுபது என்றிருந்தது, முப்பத்தைந்து முதல் எழுபது என்று மாறியது. தகுதியின்மைகள் இன்னும் தெளிவாக வரையப்பட்டன. இரண்டே ஆண்டில் தங்கள் விதியின் ஓட்டைகளைக் கண்டு அடைக்கும் மனம் அவர்களுக்கு இருந்தது.

செய்யக்கூடியது

ஆகவே என் முடிவு இது. 2030 மார்ச் 22 கிராம சபையில், விரும்பும் ஊராட்சிகள் பசலி 1440 முதல் 1449 வரை தங்கள் ஏரிப் பத்தாண்டு என்று தீர்மானம் போட வேண்டும். தீர்மானத்தோடு அன்றைய நிலையும் எழுதப்பட வேண்டும். ஊருக்கு எத்தனை ஏரி, குளம், தாங்கல்? எத்தனை மதகு வேலை செய்கிறது? கலங்கல் எந்த நிலையில் இருக்கிறது? வரத்துக் கால்வாய் எங்கெங்கே அடைபட்டிருக்கிறது? எந்த மாதம் வரை தண்ணீர் நிற்கிறது? கடைமடைக்குத் தண்ணீர் போகிறதா? காலனித் தெருக் குழாயில் கோடையில் தண்ணீர் வருகிறதா? இந்தக் கேள்விகளுக்கான பதிலை ஊராட்சிச் சுவரில் எல்லோரும் படிக்கும்படி எழுத வேண்டும்.

பிறகு ஒவ்வொரு மார்ச் 22 அன்றும் அதே கேள்விகளை வரிசையாக வாசித்துப் புதிய பதிலை எழுத வேண்டும். நடுவில், 2035இல், கேள்விகளிலேயே குறை இருந்தால் திருத்தலாம். ஏரியைப் பார்த்துக்கொள்ள ஒவ்வோர் ஊரும் ஒரு சிறு குழு அமைக்கலாம். அதில் பாதி பெண்களும், நிலமற்றவர்களுக்கு உறுதியான இடமும் இருக்க வேண்டும். ஓராண்டுக்கு மேல் ஒருவரே நீடிக்கக் கூடாது. கணக்குக் காட்டாதவர் திரும்பி வரக் கூடாது. ஏரி வாரியத்தின் நல்ல பகுதி மட்டும் இப்படி நம் காலத்துக்கு வந்து சேரும்.

பெயர் வைப்பதால் மழை பெய்யாது, ஆக்கிரமிப்பு தானே விலகாது என்று சொல்பவர்கள் இருப்பார்கள். உண்மைதான். ஆனால் நூறு நாள் வேலை என்ற பெயர் என்ன செய்தது என்று நினைத்துப் பாருங்கள். எழுதப் படிக்கத் தெரியாத பெண்கூட, எங்கள் நூறு நாள் எங்கே என்று அதிகாரியைக் கேட்க முடிந்தது. எங்கள் ஏரி எங்கே என்று கேட்க ஒரு பத்தாண்டு முழுவதும் ஊருக்கு உரிமை தருகிற பெயர் நமக்குத் தேவை.

2040 ஜூனில் கணக்கு நன்றாக இருந்தால் அந்தப் பெயர் நிற்கும். நன்றாக இல்லாவிட்டால், அப்போது வாக்களிக்கும் வயதுக்கு வந்திருக்கும் இன்றைய சிறு பிள்ளைகள் அதை அடித்துவிட்டு வேறு பெயர் எழுதட்டும். அதற்கான உரிமையையும் 2030 தீர்மானத்திலேயே ஒரு வரியாகச் சேர்த்துவிட வேண்டும். தன் காலத்துக்குப் பெயர் வைக்கிற தலைமுறை, அந்தப் பெயரை மாற்றும் அதிகாரத்தை அடுத்த தலைமுறைக்கு எழுத்தில் கொடுத்தால்தான் அது உண்மையான வாக்குறுதி ஆகும்.